மாமா பல்

மாப்ளே,

இன்று காலை கால் இன்ச் வாஷர் ஒன்று தேடி, கடையில் இருக்கும் போல்ட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். நட்டு, ஸ்க்ரூ, தேய்ந்த கார்பன் பிரஷ், எந்த மோட்டாரில் கழற்றியது என்று எனக்கே ஞாபகமில்லாத ஸ்பிரிங்குகள். இத்தனைக்கும் நடுவிலிருந்து பழுப்பேறிய வெள்ளையில் ஒன்று துள்ளி வந்து என் கால் கட்டை விரலருகில் விழுந்தது. உன் கீபோர்டிலிருந்து கழன்ற பொத்தான். அடித்து அடித்து மேலே இருந்த எழுத்தே அழிந்துபோன பொத்தான். என் பாப்பா அதற்கு வைத்த பெயர் ‘மாமா பல்’.

அதை அந்த டப்பாவுக்குள் போட்டவன் நான்தான். நீ போன மறுவாரம் போட்டேன். பாப்பா கேட்டபோது, “எங்கயோ தொலைஞ்சு போச்சும்மா” என்றேன். எரிந்த மோட்டாரைக் கொண்டுவருகிறவர்களிடம் ‘நாளைக்கு ரெடியாயிடும்’ என்று வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய். பொய்க்குத் தனியாகப் பயிற்சி வேண்டியதில்லை.

எதிரில் வேப்பந்தட்டைக்காரர் ஒருவர், வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று அவசரத்தில் நிற்கிறார். நான் தரையில் உட்கார்ந்து பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். “என்னங்க அது, வாஷரா?” என்று கேட்டார். “இல்லீங்க, பல்லு” என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறு மாதமாக அலைகிறேன். பாப்பாவின் கையைப் பற்றிய சேதி. நீ கேட்டிருக்க வேண்டியது, நான் சொல்லியிருக்க வேண்டியது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வருகிறேன். குழாய் மூடித்தான் இருக்கிறது. மோட்டாருக்குக் காயில் கட்ட உட்கார்ந்தால் கம்பிச் சுற்று எண்ணிக்கை தப்புகிறது. வீட்டுக்காரி நேற்று, “ஒங்களுக்குள்ள ஏதாச்சும் மோட்டார் ஓடுதா? ஓடுனா நிறுத்துங்க, கரண்டு பில்லு ஏறுது” என்றாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சேதியைக் கடைசியில்தான் சொல்வேன். உன்னால் காத்திருக்க முடியும். முடியாதவன் நான்தானே.

பெரம்பலூர் தனி மாவட்டமான புதுசில் நாம் பழகினோம். நீ அரியலூரிலிருந்து ஒரு டைப்ரைட்டரைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மனு அடித்துக் கொடுக்க உட்கார்ந்தாய். நான் எதிர்வரிசையில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டேன். உன் டைப்ரைட்டரில் ஒரு ஸ்பிரிங் போனபோது என் டப்பாவிலிருந்து ஒன்றை வளைத்து மாட்டினேன். அது எதற்கான ஸ்பிரிங் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சீலிங் பேன் ஸ்பிரிங், மாப்ளே. இப்போது சொல்கிறேன்.

அப்புறம் நீ கம்ப்யூட்டர் வாங்கினாய், ஜெராக்ஸ் மெஷின் வாங்கினாய், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைக்குக் கதவு வந்தது. காலேஜ் பிள்ளைகள் வரிசையாகப் புராஜெக்ட், தீசிஸ் என்று கொண்டுவந்தார்கள். மற்ற டைப்பிங்காரன் கையால் அடிப்பான், கண்ணால் பார்ப்பான், அதோடு சரி. நீ அடித்ததையெல்லாம் படித்தாய். ஒவ்வொரு தீசிஸ் முடிந்ததும் ரெண்டு வாரத்துக்கு அந்த விஷயத்துக்கு நீதான் டாக்டர். வெங்காய அழுகல் பற்றி அடித்த மாதம், டீக்கடையில் உட்கார்ந்திருந்த விவசாயிகளுக்கு நீ சொன்ன யோசனையைக் கேட்டு ஒருத்தர் வெங்காயம் சேமித்து வைத்திருந்த பட்டறையையே பிரித்துவிட்டார். சிமெண்ட் தூசி பற்றி அடித்ததும், சொந்த ஊர் அரியலூருக்குப் போகவே மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாய். உன் அண்ணன், யாரோ திருடன் என்று கதவைத் திறக்கவில்லை.

“நான் படிச்சவன் இல்ல மாப்ளே, அடிச்சவன்” என்பாய். நான் ரெண்டும் இல்லை. பத்தாவதில் அறிவியல் முப்பத்துநாலு. மூளையின் படம் வரைந்து பாகங்களைக் குறி என்று ஒரு கேள்வி வந்தது. நான் வரைந்ததைப் பார்த்து, திருத்திய வாத்தியார் காலிபிளவர் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தப் படத்துக்கு ஒரு மார்க் போட்டிருந்தால் பாஸ். மூளை அப்போதே என்னைக் கைவிட்டது. பின்னால் ஒரு நாள் அதையே நான் உட்கார்ந்து படிக்க வேண்டி வரும் என்று யார் கண்டது?

ரெண்டாயிரத்து ஐந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாப்பா ரேவதிக்கு ஏழு வயசு. மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வேப்பந்தட்டை ரோட்டில் போகும்போது இடப்பக்கக் கிணற்றில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம். பேரிங் போன சத்தம். எனக்கு அது மனுஷன் முனகுகிற மாதிரி கேட்கும். ‘யாரோட மோட்டாருடா இது, இன்னும் ரெண்டு நாள்தான் தாங்கும்’ என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன். ரோட்டில் சோளம் காயப் போட்டிருந்தார்கள். வண்டி வழுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பாப்பாவுக்குத் தலையில்.

திருச்சியில் ஆபரேஷன், ரத்தக்கட்டு எடுத்தது, பதினேழு நாள். இதெல்லாம் உனக்குத் தெரியும், நீதான் கடையைச் சாத்திவிட்டு வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அவள் பேசினாள், நடந்தாள், சிரித்தாள். எல்லாரும் கும்பிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வலது கை ஆடும், மடங்கும், தூக்கும். ஆனால் கையில் என்ன இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியாது. தம்ளரைப் பிடித்திருப்பாள், பார்வை வேறு பக்கம் போனதும் தம்ளர் கீழே. பென்சில் நழுவிப் போன பிறகும் விரல்கள் காற்றில் எழுதிக்கொண்டிருக்கும். ஒரு நாள் சூடான தோசைக்கல்லில் கை வைத்துக்கொண்டு அம்மாவிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வாசனை வந்த பிறகுதான் அவள் அம்மா திரும்பினாள்.

“கையில் ஒன்றும் கோளாறு இல்லை. மூளையில் தொடு உணர்வை வாங்குகிற இடத்தில் அடி” என்றார் டாக்டர். “வரலாம். வராமலும் போகலாம். பயிற்சி கொடுங்கள்.” பிசியோதெரபி டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சொரசொரப்பு, வழுவழுப்பு, குளிர், சூடு என்று விதவிதமாகக் கையில் வையுங்கள், குழந்தை பார்க்கட்டும், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லட்டும், விளையாட்டாகச் செய்யுங்கள் என்றார்கள். எனக்கு ‘செய்யுங்கள்’ மட்டும் காதில் ஏறியது. ‘விளையாட்டாக’ வெளியே விழுந்துவிட்டது.

எமரி பேப்பர் கொண்டுவந்தேன், பஞ்சு, சணல், செம்புக் கம்பி, மக்காச்சோளக் கட்டை கொண்டுவந்தேன். வைத்த அடுத்த நொடியே, “என்னது சொல்லு? என்னது? சொல்லு பாப்பா!” அவள் முழிப்பாள். நான் அடுத்ததை எடுப்பேன். ஒரு வாரத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அதனால் வழியை மாற்றினேன். மத்தியானம் அவள் தூங்குகிறபோது உட்கார்ந்து தேய்த்தேன். அழ மாட்டாள், ஓட மாட்டாள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேய்க்கலாம். என்ன ஒரு மூளை எனக்கு, பார்த்தாயா?

அடுத்த வருஷக் கடைசியில்தான் அந்தத் தீசிஸ் உன் கடைக்கு வந்தது. கண்ணாடி போட்ட ஒரு மாணவி, கையெழுத்தில் நூற்றிருபது பக்கம். மூளையில் நரம்பு செல்களைத் தாங்கி நிற்கிற துணை செல்கள் பற்றி. தொட்டால், பார்த்தால், கேட்டால் அந்தத் துணை செல்கள் என்ன செய்கின்றன என்று வெளிநாடுகளில் பார்த்ததையெல்லாம் தொகுத்து எழுதியிருந்தது. “ஒரு பக்கத்துக்கு ஒரு சந்தேகம் தமிழ்ல சொல்லணும், சம்மதமாம்மா?” என்று நீ அந்தப் பெண்ணிடம் கேட்டாயாம். அதுவும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறது. அன்று சாயங்காலம் நீ என் கடைக்கு நடந்து வந்த வேகம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஜெராக்ஸ் மை கையோடு, சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தாய்.

“மாப்ளே, மூளைன்னா நரம்பு மட்டுந்தான்னு நெனச்சுட்டிருக்கோம். இல்ல. அதச் சுத்தி நட்சத்திரம் மாதிரி கை கால் நீட்டிக்கிட்டு வேற செல்லு இருக்கு. ஒரு கால நரம்பு மேல வச்சிருக்கு, இன்னொரு கால ரத்தக் குழாய் மேல வச்சிருக்கு. தீனி போடுறது, குப்பை அள்ளுறது எல்லாம் அதுதான்.”

நான் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். கம்பி சுற்றுகிற இரும்புக் கூட்டை, ஸ்டேட்டரைத் தூக்கிக் காட்டினேன். “இதுல செம்புக் கம்பி ஓடுது. கம்பிக்கும் இரும்புக்கும் நடுவுல லெதராய்டு பேப்பர் வச்சிருக்கேன். மேல வார்னிஷ் ஊத்துவேன். அந்தப் பேப்பரும் வார்னிஷும்தானே ஒன் துணை செல்லு? எனக்குத் தெரியாததா?”

“அங்கதான்டா தப்பு!” என்று ஸ்டேட்டரையே தட்டினாய். “ரொம்ப நாள் எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்களாம். சும்மா நடுவுல கெடக்குற பேப்பருன்னு. இப்ப எலியோட மீசையத் தொட்டுப் பாத்திருக்காங்க. நரம்பு செல்லு டக்குனு பதில் சொல்லுது. பக்கத்துல இருக்கிற துணை செல்லு உடனே ஒண்ணும் பண்ணல. ரெண்டு நொடி, மூணு நொடி, இன்னும் கூட. அப்புறம் மெதுவா அதுக்குள்ள கால்சியம் ஏறுது. கால்சியம் ஏறுனா மின்னுற மாதிரி சாயம் போட்டுப் பாத்திருக்காங்க. பேப்பர் மின்னுமாடா? வார்னிஷ் பதில் சொல்லுமா?”

“கால்சியம்னா?”

“சுண்ணாம்புச் சத்து. எங்கப்பன் அரியலூர்ல காலம் பூரா ஒடச்ச கல்லுல இருக்கே, அதேதான். எங்க ஊரு மண்ணு ஒன் மண்டைக்குள்ளயும் ஏறி எறங்குது. மரியாதையா பேசு.”

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இருபது வருஷமாகக் கம்பி கட்டுகிறேன், பேப்பர் என்னை ஒரு நாள் திரும்பிப் பார்த்ததில்லை. பாப்பாவின் தலைக்குள் நரம்புக்குப் பக்கத்தில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தொட்டால் அவர்களுக்கும் தெரிகிறது என்றால், அவர்களையெல்லாம் எழுப்ப வேண்டாமா? நீ அப்போதே சொன்னாய்: “இது எலிடா. பாப்பா எலி இல்ல. தீசிஸ் கடைசிப் பக்கத்துல ‘மேலும் ஆராய வேண்டும்’னு போட்டிருக்கு. எல்லா தீசிஸ்லயும் அததான் போடுறாங்க, ஆனா இதுல நெசமாவே போட்டிருக்காங்க.” நான் எங்கே கேட்டேன். தொட்டால் பதில் வரும். அப்படியானால் நிறைய தொட்டால் நிறைய பதில். அதுதான் என் கணக்கு. காயில்காரன் கணக்கு.

பொங்கல் கழித்து அந்த மெஷினைச் செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, அதே சமயம் வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது என்றும் தோன்றுகிறது. பழைய டேபிள் பேன், இறக்கையைக் கழற்றிவிட்டேன். தலை இடமும் வலமும் திரும்புகிற கியர் மட்டும் ஓடும்படி வைத்தேன். தலையில் ஒரு ஷேவிங் பிரஷ்ஷைக் கிளாம்ப் போட்டுக் கட்டினேன். கீழே பலகையில் பாப்பாவின் கையை வைத்தால் பிரஷ் போய் வரும், போய் வரும். கை வலிக்காது, சலிக்காது. மனுஷன் தேய்த்தால் எத்தனை தடவை தேய்ப்பான்?

ஒரு வாரம் ஓட்டினேன். அப்போது அவளுக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம், வந்து தூங்கும் மத்தியானங்களில். அந்த ஞாயிற்றுக்கிழமை, பிரஷ் லேசாகச் சாய்ந்து அதன் கட்டை விளிம்பு உள்ளங்கையில் உரசிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, கியரின் சத்தம் சுத்தமாக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தேன். நீ எதற்கோ வீட்டுக்கு வந்தாய். வாசலில் நின்றாய். பார்த்தாய். நேராக உள்ளே வந்து பிளக்கைப் பிடுங்கினாய். அவள் கையைத் திருப்பிக் காட்டினாய். தோல் உரிந்து சிவந்து போயிருந்தது. அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். அந்தக் கைக்குத்தான் தெரியாதே.

“மயக்க ஊசி போட்ட எலிக்குத் துணை செல்லு மந்தமாயிடுதுன்னு முந்தாநாள்தான்டா அடிச்சேன். அதச் சொல்லத்தான் வந்தேன். முழிச்சிருக்கணும். கவனம் அங்க இருக்கணும். தூங்குற புள்ளைக்கு மெஷினப் போட்டு யாருக்குடா தேய்க்கிற?”

“எம்புள்ளைக்கு!”

“இல்ல. அந்த மொபெட்டுக்கு.”

நீ அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நாலு மாதம் நினைத்தேன். அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது ஆறு மாதமாக நினைக்கிறேன். “டைப் அடிக்கிறவன் டைப் அடி. பெத்தவனுக்குப் பாடம் எடுக்காத. ஒனக்குப் புள்ள இருக்கா, குட்டி இருக்கா?” நீ கல்யாணம் செய்துகொள்ளாதவன். அவளைத் தவிர உன்னை மாமா என்று கூப்பிடவும் ஆளில்லாதவன். கையிலிருந்த பிளக்கை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் போனாய். தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும்.

அப்புறம் பேச்சில்லை. எதிரெதிரே டீ குடித்தோம், நீ கண்ணாடி ஜாடியில் இருந்த பன்னைப் பார்த்தாய், நான் ரோட்டைப் பார்த்தேன். பத்து நாள் கழித்து வீட்டுக்காரி ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க உன் கடைக்கு வந்தாள். திரும்பும்போது ஒரு கவர் கொண்டுவந்தாள். “ஒங்க பிரெண்டு குடுத்தாரு. ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரி எத்தன நாளைக்கு இருப்பீங்கன்னு கேட்டேன். சிரிக்கிறாரு” என்றாள். பிரித்தால், சுத்தமாக டைப் அடித்த மனு.

அனுப்புநர்: துணை செல், ஜெராக்ஸ் கடை. பெறுநர்: நரம்பு செல் அவர்கள், மோட்டார் கடை. பொருள்: தூங்கும் பிள்ளையின் கையைத் தேய்ப்பதை நிறுத்தக் கோருவது சம்பந்தமாக. ஐயா, முழித்திருக்கும்போது வைக்கவும். சிரிக்கும்போது வைக்கவும். வைத்ததும் என்ன என்று கேட்கக் கூடாது. பத்து எண்ணவும். இணைப்பு: ஒன்று.

இணைப்பு, இந்தப் பொத்தான். கவரைக் கவிழ்த்ததும் பாப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “அய்யோ, மாமாவுக்குப் பல்லு விழுந்துடுச்சா?” என்றாள். விழுந்து விழுந்து சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அப்படிச் சிரித்தாள்.

மெஷினைப் பிரித்தேன். ஒரு மஞ்சள் பையில் சோளக் கட்டை, பருத்திக் கொட்டை, புளியங்கொட்டை, கம்பிச் சுருள், மாமா பல் எல்லாவற்றையும் போட்டேன். சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சுண்டல் தின்றுவிட்டு நல்ல மூடில் இருக்கும்போது விளையாட்டு. அவள் அம்மாவின் முந்தானையால் கண்ணைக் கட்டுவோம். நான் ஒன்றை உள்ளங்கையில் வைப்பேன். பத்து எண்ண வேண்டும்.

பத்து எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியுமா? ஐந்து ஹெச்.பி. மோட்டாருக்கு ராத்திரி பகல் காயில் சுற்றியிருக்கிறேன், அது ஒன்றுமில்லை. ஒன்று, ரெண்டு வரைக்கும் மனுஷனாக இருப்பேன். மூன்றில் கால் ஆட ஆரம்பிக்கும். நாலில், அவள் விரலைப் பிடித்து அழுத்திக் காட்டலாமா என்று கை போகும். ஆறில், “அது வந்து, நீளமா...” என்று வாயைத் திறப்பேன். “ஏங்க!” என்று வீட்டுக்காரி தொடையில் கிள்ளுவாள். “பத்து! தெரியலையா? சரி, அடுத்தது!” என்பேன். பாப்பா சொல்வாள், “அப்பா, நீங்க ஏழுக்கு அப்புறம் நேரா பத்துக்குப் போறீங்க.” அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது, எனக்குப் பொறுமை வரவில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ‘தெரியல’, ‘தெரியல’, ‘தெரியலப்பா’. எண்ணிக்கொண்டே இருந்தேன். உன் மேல் இருந்த கோபம் எந்த மாதத்தில் கரைந்தது என்று தெரியவில்லை. கரைந்தது தெரிந்த பிறகும் வீம்பு மட்டும் காலி டப்பா மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

மே கடைசியில் அந்த நாள் வந்தது. உடனே உன்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ‘அவன்தானே மனு போட்டான், மனு என்னாச்சுன்னு அவன் வந்து கேக்கட்டும்’ என்று நினைத்தேன். மனு போட்டவர்களை நான் எத்தனை பேரை உன் வேப்பமரத்தடியில் பார்த்திருக்கிறேன்! பதில் வராமல் அவர்கள் நிற்கிற நிற்பை. அந்த நிற்பில் உன்னை நான் நிறுத்தினேன்.

நாலாம் நாள் மனசு கேட்கவில்லை. மத்தியானம் கிளம்பி உன் கடைக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. கதவில் நீ அடித்து ஒட்டிய தாள்: ‘சாப்பிடச் சென்றிருக்கிறேன். பத்து நிமிடத்தில் வருவேன்.’ படியில் நின்றேன். சட்டையைச் சரி செய்தேன். முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்தேன். மூன்று நிமிடம் இருக்கும். வெயில் காலம், கடையில் எரிந்த மோட்டார் ஏழெட்டு கிடக்கிறது, ஒருத்தர் காத்திருக்கிறார் என்று ஞாபகம் வந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். திரும்பும்போது தெருக்கோடியில் உன்னைப் போல ஒரு ஆள், பல்லில் குச்சியோடு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. நீதானா என்று நின்று பார்க்கவில்லை. அவசரம்.

நாளைக்கு நாளைக்கு என்று ஐந்து நாள். ஆறாம் நாள் டீக்கடைச் சுவரில் உன் படம் போட்ட போஸ்டர். சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்கு அரியலூர் போனவன், ஞாயிறு காலையில் பல் தேய்த்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தாயாம். நான் பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ராத்திரி சாப்பிடுறப்பக்கூட ஒங்களப் பத்திதான் பேசினான். ‘அந்தப் புள்ளைக்குக் கை வந்துருக்கும், இவன் கொழுப்பு பிடிச்சவன், வந்து சொல்ல மாட்டேங்கிறான்’னு சிரிச்சான்” என்றார்.

அந்த வார்த்தையைத்தான் ஆறு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். உனக்குத் தெரிந்திருந்ததா? ஊகமா? பஸ் ஸ்டாண்டில் யாராவது சொன்னார்களா? வீட்டுக்காரியைக் கேட்டேன், “நான் சொல்லல, நீங்கதான் சொல்லணும்னு இருந்தேன்” என்று சத்தியம் செய்கிறாள். சில நேரம் அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருக்கிறது. சில நேரம் அந்தத் தெருக்கோடி ஆள் நீதான் என்றும், உன் கடைப் படியிலிருந்து நான் இறங்கிப் போவதை நீ பார்த்தாய் என்றும் தோன்றுகிறது. அப்போது எழுந்து போய்க் குழாயை மூடுகிறேன்.

இன்று வேப்பந்தட்டைக்காரரை அனுப்பிவிட்டு நேராக உன் கடைக்குப் போனேன். இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் செய்கிறார்கள். அரியலூரை மறுபடி தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால் மனுவிலெல்லாம் மாவட்டத்தை மாற்றி அடித்து, ஆளாளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பாய். அதே படியில் நின்றேன். வாட்சைப் பார்த்து, பத்து நிமிடம், முழுசாக. கடைக்காரத் தம்பி, “என்னண்ணே வேணும்?” என்றார். “ஒண்ணுமில்ல தம்பி, ஒருத்தருக்காக நிக்கிறேன்” என்றேன். கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நின்றேன்.

சாயங்காலம் பாப்பா வந்ததும் கண்ணை மூடச் சொல்லிப் பொத்தானைக் கையில் வைத்தேன். இப்போதெல்லாம் எண்ண வேண்டியதில்லை. “மாமா பல்லு! எங்கப்பா இருந்துச்சு?” என்றாள். “போல்ட் டப்பாவுல. நான்தான் போட்டேன். அப்ப பொய் சொன்னேன்” என்றேன். பொத்தானை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அதை என் சட்டைப் பையில் போட்டு, “இங்கயே வச்சுக்கங்க. எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே” என்று விளையாடப் போய்விட்டாள்.

சரி. இனி சேதி.

மே மாதம், ஒரு சாயங்காலம், கரண்டு இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்தோம். முந்தானையால் கண்ணைக் கட்டியாயிற்று. சோளக் கட்டையை வைத்தேன், தெரியல. கம்பிச் சுருள், தெரியல. மூன்றாவதாக உன் பொத்தான். ஒன்று. ரெண்டு. அவள் பக்கத்து வீட்டு நாய் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று. நாலு. சிரிப்பு நின்றது. தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். தூரத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள், யார் குரல் என்று காது கொடுப்போமே, அப்படி. ஐந்து. ஆறு. கட்டை விரல் மெதுவாக நகர்ந்து, பொத்தானின் மேல் போய், அதில் உன் விரல் பட்டுப் பட்டுக் குழிந்த இடத்தில் நின்றது. ஏழு.

“அப்பா, இது நடுவுல குழியா இருக்கு... மாமா பல்லுப்பா!”

எட்டு, ஒன்பது எண்ணவில்லை, மாப்ளே. எண்ண முடியவில்லை. வீட்டுக்காரி கண்கட்டை அவிழ்க்காமலே அவளைக் கட்டிக்கொண்டாள். நான் எழுந்து வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புளியங்கொட்டை, பருத்திக் கொட்டை, நாணயம் எல்லாம் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் வலது கையால் எழுதுகிறாள், எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது, என் எழுத்தைவிடப் பரவாயில்லை. கொதிக்கிற பாத்திரம் பட்டால் கையை இழுத்துக்கொள்கிறாள். “அய்யோ சுடுது” என்று அவள் முதல் தடவை கத்தியபோது நாங்கள் ரெண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து அவளுக்குக் கோபம்.

துணை செல் எழுந்ததா, நரம்பே வழி கண்டுபிடித்ததா, டாக்டரம்மா கொடுத்த பயிற்சியா, வயசா, எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களே இன்னும் ஆராய வேண்டும் என்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்க விட்டுவிட்டேன். தீசிஸில் ரெண்டு நொடி, மூன்று நொடி என்றுதானே இருந்தது என்றாய். பத்து எண்ணச் சொன்னது எந்தப் பக்கத்தில் இருந்தது? அது எலிக்கா, பாப்பாவுக்கா? இல்லை, என்னைத் தெரிந்தவன் எனக்காகப் போட்ட கணக்கா?

கேட்டுவிட்டேன். சட்டைப் பையில் பொத்தான் இருக்கிறது, கட்டை விரல் அதன் குழியில் இருக்கிறது. ஏழிலிருந்து பத்துக்குத் தாவாமல் எண்ணுகிறேன்.